ஆம்ஸ்ரோங் எடுத்த பாடம்

2009 ஜூலை 19, ஞாயிறு மாலை. வாஷிங்ரனில் ஸ்மித்சோனியனின் விமான, விண்வெளி அருங்காட்சியகம். நிலவில் மனிதன் இறங்கி நாற்பது ஆண்டு நிறைவதற்கு முதல் நாள். விண்வெளி வீரர் ஜோன் கிளென் பெயரில் அங்கே ஆண்டுதோறும் நடக்கும் சொற்பொழிவுக்கு அந்த முறை, அந்த நிலவுப் பயணம் போன நீல் ஆம்ஸ்ரோங், பஸ் அல்ட்ரின், மைக்கல் கொலின்ஸ் மூன்று பேரும் வந்தார்கள். கூடவே கிளென், நாசாவின் முதல் பறப்பு இயக்குநர் கிறிஸ் கிராஃப்ட். மூவரும் ஒரே மேடையில் ஏறுவது அபூர்வம். ஒரு நண்பரின் தயவால் எனக்கும் ஓர் இருக்கை கிடைத்தது.

எங்கள் வகுப்புக்காரருக்கு 1969 ஜூலை 21 மறந்திருக்காது. இலங்கை நேரப்படி விடியப்புறம் 1.47க்கு ஈகிள் என்ற இறங்குகலம் நிலவில் இறங்கியது; காலை 8.26க்கு ஆம்ஸ்ரோங் கால் வைத்தார். நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல்தான். ஆகவே விடுதி வானொலியின் கரகரப்புக்குள் காதை வைத்துக்கொண்டு நின்றோம். சனி, ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, நிலவின் வளர்வு தேய்வைப் பார்த்து வரும் போயா நாள்களில் விடுமுறை தந்த காலம் அது. நிலவைப் பார்த்து லீவு எண்ணிய பெடியள் நாங்கள். அதிலே ஆள் நடக்கிறான் என்றதும், இனி லீவு என்னாகும் என்று ஒருவன் கேட்டான். வேடிக்கையாகத்தான் கேட்டானா என்பது இன்றைக்கும் சந்தேகம்.

அடுத்த பௌதிக பாடத்தில் மாஸ்டர் நிலவுக் கதை சொல்வார் என்று காத்திருந்தோம். அவரோ கரும்பலகையில் ஓர் உருளை வரைந்து, 1926இல் மசசூசெட்ஸில் ரொபர்ட் கொடார்ட் விட்ட முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டில் தொடங்கினார். இரண்டரை வினாடி பறந்து, ஏறக்குறைய 12 மீற்றர் உயரம் போய், ஒரு கோவா தோட்டத்தில் விழுந்ததாம். பின் வாங்கிலிருந்து வழமையான கேள்வி வந்தது: "சேர், இது சோதனைக்கு வருமோ?"

சரி, வாஷிங்ரனுக்கு வருவோம். அரங்குக்குள் போகுமுன் முன்கூடத்தில் கொலம்பியாவைப் பார்த்தேன். மூன்று பேரையும் பூமிக்குத் திரும்பக் கொண்டுவந்த கூம்பு அது. அடிப்பக்க வெப்பக் கவசம் கருகிப் பொருக்கு வெடித்திருக்கிறது. எட்டு நாள் மூன்று பேர் இதற்குள்ளா என்று எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். பக்கத்தில் அப்பல்லோ 17 கொண்டுவந்த நிலாக்கல்லின் ஒரு துண்டு. யாரும் தொடலாம். கறுப்பு, இத்தனை பேர் தடவியதில் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிட்டது.

முதல் நாள்தான் கிளெனுக்கு 88 வயது நிறைந்திருந்தது. 1962இல் அவர் பூமியை மூன்று முறை சுற்றியபோது தரையிலிருந்து நடத்தியவர் கிராஃப்ட். இருவரையும் ஒரே மேடையில் பார்த்ததே எனக்குப் போதும். இரண்டு நாளுக்கு முன் தொலைக்காட்சிச் செய்தியாளர் வால்ட்டர் குரோன்கைட் காலமாகியிருந்தார். 1969இல் அமெரிக்கா முழுவதும் அவர் வாயால்தான் நிலவுப் பயணத்தைக் கேட்டது. அவரோடு தொலைக்காட்சியில் உட்கார்ந்து விளக்கம் சொன்னவர் நம் கொழும்பில் குடியிருந்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

ஆம்ஸ்ரோங் எழுந்தபோது சனம் எதற்காகக் காத்திருந்தது என்று சொல்லத் தேவையில்லை. அவர் கொடார்டில் தொடங்கினார்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கிருந்து, பல நாடுகள் சேர்ந்து பூமியை ஆராய 1957இல் தொடங்கிய சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டு, சோவியத்தின் முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக், இரு வல்லரசுகளின் போட்டி என்று படிப்படியாகக் கட்டிக்கொண்டு போனார். அந்தப் போட்டி போருக்குப் போகாமல் இரண்டு பக்கமும் முன்னேற வழிவிட்டது என்பது அவர் கருத்து. தன் சொந்தப் பயணத்தைச் சில வினாடிகளில் முடித்துவிட்டார். எனக்கு முன்னால் இருந்தவருக்குப் பெரிய ஏமாற்றம். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாசாவை விட்ட பிறகு எட்டு வருடம் சின்சினாற்றிப் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படிப்பித்த மனுஷன் அவர். ஒரு காலடியைப் பற்றி உலகம் நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்க, அந்தக் காலடிக்கு முன்னால் எத்தனை பேருடைய வேலை இருந்தது என்பதைத்தான் சொல்ல விரும்பினார். நல்ல வாத்தியார் வேறென்ன செய்வார்?

கொலின்ஸுக்கும் அல்ட்ரினுக்கும் நிலவே பழசாகிவிட்டது. செவ்வாய்க்குப் போங்கள் என்றார்கள். கொலின்ஸ் பகிடியாகப் பேசக்கூடியவர். இந்த அருங்காட்சியகம் 1976இல் திறந்தபோது அதன் இயக்குநராக இருந்தவரும் அவர்தான். ஆகவே வீட்டுக்காரர்போல் நின்றார்.

அன்றிரவே ரொறன்ரோவிலுள்ள வகுப்புத் தோழனுக்குப் போன் எடுத்தேன்.

"கை குடுத்தனியோ?"

"எங்கயடா! நான் கடைசி வரிசை."

"அப்ப என்னதான் சொன்னவர்?"

"கொடார்டைப் பற்றி."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டான்: "சோதனைக்கு வருமோ?"