உரையாடல் மட்டும் போதுமா?

1990களின் இறுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கிறிஸ்தவ சபைகளுக்குள் 'எமர்ஜிங் சர்ச்' (உருவாகிவரும் சபை) என்று ஓர் அலை எழுந்தது, அமெரிக்கப் போதகர் பிரையன் மெக்லாரன் போன்றவர்கள் அதன் முகங்கள். பழைய சபைகள் இளைஞர்களின் கேள்விகளுக்குக் காது கொடுக்கவில்லை என்று அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதை நான் மறுக்கவே மாட்டேன். சரி, அப்புறம் என்ன நடந்தது? எல்லோருக்கும் பொதுவான பெருங்கதை, அதாவது எல்லாவற்றையும் விளக்கும் ஒரே உண்மை, எதையும் நம்ப முடியாது என்று பின்நவீனத்துவச் சிந்தனை சொன்னதை அவர்களில் பலர் அளவுகோலாகவே எடுத்துக்கொண்டார்கள், பிரசங்கம் உரையாடலானது, பாவம் வெறும் காயமானது, நரகத்தைப் பற்றிப் பேசுவதே நாகரிகமில்லை என்றாகிவிட்டது.

அப்போஸ்தலன் பவுலும் அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் அந்த ஊர்க்காரர்கள் அறிந்த கவிஞர்களின் வரியை எடுத்துத்தான் பேசினார் (அப்போஸ்தலர் 17), ஆனால் மனந்திரும்புதல், நியாயத்தீர்ப்பு, உயிர்த்தெழுதல் எதையும் விட்டுவிடவில்லை. சிலர் பரியாசம் செய்தார்கள், சிலர் விசுவாசித்தார்கள். இயேசுவின் கல்லறை காலியாக இருந்ததா இல்லையா என்பதை உன் கதை, என் கதை என்று பிரித்துக்கொள்ள முடியாது.

அவர்கள் ஆராதனைக்குள் கொண்டுவந்த மெழுகுவர்த்தி, மௌனம், பழைய ஜெபமுறைகளோடு எனக்குச் சண்டை கிடையாது. சந்தேகத்தோடு வருகிறவரை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேளுங்கள். நானும் அப்படி வந்தவன்தான், அன்று ஒரு மூப்பர் என் கேள்விகளை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு வேதத்தைத் திறந்து, கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 15ஐ முழுவதுமாக வாசித்துக் காட்டினார்.