எதிர்பார்க்கும் சம்பளம்

“எவ்வளவு எழுதணும் சார்?” என்று அந்தப் பெண் கேட்டபோது, “நல்லா விசாரிச்சு எழுதும்மா” என்று மட்டும்தான் சொன்னேன். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சரியான பதில்தான் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாகிவிட்டது. இருந்தும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

எங்கள் சாஃப்ட்வேர் நிறுவனம் கல்லூரிகளுக்கு வெளியே நடத்தும் ஆஃப் கேம்பஸ் தேர்வு. ஆப்டிட்யூட், கோடிங் இரண்டும் தாண்டி டெக்னிகல் ரவுண்டுக்கு வருகிறவர்களைப் பார்ப்பது என் வேலை. ஒவ்வொருவரும் ஒரு படிவம் நிரப்பிக் கொண்டுவருவார்கள். அதன் கடைசியில் ‘எதிர்பார்க்கும் சம்பளம்’ என்று ஒரு கட்டம். அது எச்.ஆர். பார்க்க வேண்டியது, எனக்குச் சம்பந்தமில்லை. ஆனால் படிவம் என் மேஜையில் இருக்கும்போது கண்ணில் படாமல் எப்படி இருக்கும்? கோவில்பட்டிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியிலிருந்து வந்திருந்த அந்தப் பெண், வருடத்துக்கு 2.4 லட்சம் என்று எழுதியிருந்தார். அந்த வேலைக்கு நாங்கள் ஒதுக்கியிருந்த வரம்பு 3.2 முதல் 4.5 லட்சம் வரை. எங்கள் அடிமட்டத்துக்கும் கீழே கேட்டிருந்தார்.

அன்று வந்தவர்களில் மிக நன்றாகப் பதில் சொன்னவர்களில் அவர் ஒருவர். டேட்டாபேஸில் இண்டெக்ஸ் என்ற தேடல் அட்டவணை போட்டால் தேடல் வேகமாகும் என்றால் டேபிள் முழுக்கப் போட்டுவிடலாமே என்று கேட்டேன். ஒவ்வொரு ரெக்கார்டு சேரும்போதும் எல்லா இண்டெக்ஸையும் திருத்த வேண்டிவரும், எழுதுவது மெதுவாகிவிடும் என்றார். அதோடு நிறுத்தாமல், எந்தத் தேடல் அடிக்கடி நடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று தானாகவே தொடர்ந்தார். இரண்டு வருட அனுபவம் உள்ளவர்களே தடுமாறுகிற இடம் அது.

அதனால்தான் கேட்டேன், இந்த 2.4 எப்படி வந்தது என்று. “அண்ணன் திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனியில பதினெட்டாயிரம் வாங்குறான் சார். அதைவிடக் கொஞ்சம் கூடப் போட்டேன்” என்றார். மாதம் இருபதாயிரம், பன்னிரண்டு மாதம். வீட்டில் தெரிந்த ஒரே சம்பளத்தை அளவாக வைத்துப் போட்ட கணக்கு.

படிவத்தை அவர் பக்கம் நகர்த்தி, “இதை இன்னொரு தடவை யோசிச்சுப் பாரும்மா” என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. என் பதிலைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் கட்டத்தையே பார்த்தார். பிறகு 2.4 ஐ அடித்துவிட்டு, ‘ஆஸ் பெர் கம்பெனி நார்ம்ஸ்’, அதாவது கம்பெனி வழக்கப்படி, என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கல்லூரிகளில் பிளேஸ்மெண்ட் பயிற்சி கொடுக்கிறவர்கள் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பேராசைக்காரர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள், குறைவாகக் கேட்டுவிட்டோம் என்ற கவலையும் இல்லை. மரியாதையாகவும் இருக்கிறது. எங்கள் நிறுவனத்தில், தொகை எழுதாத படிவம் வரம்பின் அடிப்பக்கத்துக்குத்தான் போகும். அவருக்கு 3.4 லட்சம் வந்தது. அதே நாள் சென்னைக் கல்லூரியிலிருந்து வந்த இன்னொரு மாணவர் கட்டத்தில் 6 லட்சம் எழுதியிருந்தார். அவரிடம் எச்.ஆர். பேசிப் பேசி 4.2 க்குக் கொண்டுவந்தார்கள். இருவருக்கும் நான் கொடுத்த மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றுதான். சேர்ந்த தேதி ஒன்று, பயிற்சி ஒன்று, வேலையும் ஒன்று.

அந்த மாணவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருடைய அம்மா சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார். என்ன கேட்கலாம், எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்று முந்தின நாளே வீட்டில் பேசியிருப்பார்கள். அந்தப் பெண்ணின் ஃபைலில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தது. வீட்டில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்கு வருகிறவர்கள் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேர்ந்தால் தமிழ்நாட்டில் 2010 முதல் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 இல் வந்தது. கல்லூரி வாசல் வரை கைபிடித்து அழைத்துவர இத்தனை ஏற்பாடுகள். படித்து முடித்து வெளியே வரும்போது, சி.டி.சி. என்றால் கைக்கு வரும் சம்பளம் அல்ல, நிறுவனம் ஒருவருக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை என்று சொல்ல வீட்டில் ஒருவர் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தேன். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

சொல்லக் கூடாது என்பதற்கு என்னிடம் காரணங்கள் உண்டு, அவை சாக்குகள் அல்ல. வரம்பு நிறுவனத்தின் ரகசியத் தகவல். நிறுவனத்திடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, நிறுவனத்தோடு பேரம் பேச வந்திருப்பவரிடம் அதை எடுத்துக் கொடுப்பது எந்த விதத்தில் சரி? அவருக்குச் சொன்னால் அன்று வந்த எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும். நன்றாகப் பதில் சொன்னவருக்கு மட்டும் சொல்வது பாரபட்சம். இதுவரை என் வாதம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் படிவத்தை நகர்த்தி யோசிக்கச் சொன்னேனே, அதை மற்றவர்களுக்குச் செய்யவில்லையே. பாரபட்சம் காட்டக் கூடாது என்று நினைத்தவன் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். காட்டுவது என்று முடிவு செய்தவன் முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றதுதான் நியாயம் என்றும் சில நாள் தோன்றுகிறது.

பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் இந்தச் சங்கடமே கிடையாது. அங்கே பிரெஷர், அதாவது படிப்பு முடித்துப் புதிதாகச் சேர்பவரின் சம்பளம் பேட்சுக்குப் பேட்ச் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். டி.சி.எஸ்.ஸில் நிஞ்ஜா என்ற ஆரம்பநிலைப் பிரிவுக்கு 3.36 லட்சம், இன்போசிஸில் 3.6 லட்சம் என்று ஊருக்கே தெரிந்த தொகைகள். பதினைந்து வருடத்துக்கு முன்பும் ஏறத்தாழ மூன்று, மூன்றரை லட்சத்தில்தான் சேர்ந்தார்கள். இடையில் விடுதி வாடகை, சாப்பாடு, பஸ் கட்டணம் எல்லாம் எங்கோ போய்விட்டன. 2024 ஆகஸ்டில் காக்னிசண்ட் 2.52 லட்சத்துக்கு ஆள் எடுக்கிறது என்று செய்தி வந்து பெரிய சத்தமானது. அது மூன்று வருடப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு, பொறியியல் படித்தவர்களுக்கு 4 லட்சத்திலிருந்து தொடங்குகிறது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அதற்கு முந்தின வருடம், 6.5 லட்சத்துக்கு ஆஃபர் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சேரச் சம்மதமா என்று கேட்டது விப்ரோ. இன்போசிஸில் நிதிப் பொறுப்பையும் பிறகு மனிதவளப் பொறுப்பையும் வகித்த மோகன்தாஸ் பை, பெரிய நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து பிரெஷர் சம்பளத்தை ஏறவிடாமல் வைத்திருக்கின்றன என்று வெளிப்படையாகவே பேசியவர். நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. குறைவு, ஆனால் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் அதே குறைவு. எங்களைப் போன்ற நடுத்தர நிறுவனங்களில் கொஞ்சம் கூடக் கொடுக்கிறோம், அந்தக் கூடுதல் யாருக்கு எவ்வளவு என்பதை ஒரு கட்டம் தீர்மானிக்கிறது. எது மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆஃபர் லெட்டர்கள் போன பிறகு எச்.ஆர். மேடத்திடம் போய்க் கேட்டேன். ஒரே மதிப்பெண், எண்பதாயிரம் வித்தியாசம், எப்படி? அவர் கோபப்படவில்லை. “நான் யாரையும் ஏமாத்தலையே சார். அவங்க மொதல்ல எழுதினதைவிட ஒரு லட்சம் கூடத்தான் குடுத்திருக்கேன்” என்றார். அடித்த எழுத்துக்குக் கீழே இருந்த 2.4 ஐ அவரும் படித்திருக்கிறார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. 3.4 லட்சத்தைப் பிரித்துப் பார்த்தேன். மாதம் 28,333. அதில் நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,800. பேசிக் எனப்படும் அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை என்று 680 ரூபாய் சொச்சம். ஐந்து வருடம் இருந்தால்தான் கிடைக்கும் என்று சொல்லப்படும் பணத்தை முதல் மாதத்திலிருந்தே சம்பளம் என்று எண்ணிக் காட்டுகிறோம். வருடக் கடைசியில் வந்தால் வரும் வேரியபிள், அதாவது நிச்சயமில்லாத ஊக்கத்தொகை, பத்து சதவீதம். பிறகு அவர் பங்கு பி.எஃப்., இன்சூரன்ஸ் பிரீமியம், தொழில் வரி. எல்லாம் போகக் கைக்கு வருவது இருபதாயிரத்தைக் கொஞ்சம் தாண்டும். அவர் மனதில் இருந்த இருபதாயிரம் கைக்கு வரும் இருபதாயிரம்தான். கேட்டது கிடைத்துவிட்டது என்றே மேடம் சொல்லலாம்.

4.2 வாங்கியவருக்கு இதே கணக்கில் மாதம் ஐயாயிரத்துக்கு மேல் கூடுதலாக வருகிறது. சென்னை துரைப்பாக்கத்தில் சாப்பாட்டோடு ஒரு பெண்கள் விடுதியில் தங்கும் செலவில் பெரும்பகுதி அது. கல்விக் கடன் இருந்தால், படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கிவிடும். அந்த எண்பதாயிரம் அப்படியே நிற்பதும் இல்லை. ஹைக், அதாவது சம்பள உயர்வைச் சதவீதத்தில்தான் போடுகிறோம். அடுத்த கம்பெனிக்குப் போனால் முதலில் கேட்பது இப்போதைய சி.டி.சி. என்ன என்பதுதான். இருவருக்கும் முப்பது சதவீதம் கூட்டிக் கொடுத்தால் ஒருவருக்கு 4.42, இன்னொருவருக்கு 5.46. எண்பதாயிரம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு மதியம் எழுதிய ஒரு வரி, இருவருடைய முப்பது வயது வரை கூடவே போகும்.

மேடம் இன்னொன்றும் சொன்னார். அதற்குத்தான் எனக்கு அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. “எல்லாருக்கும் 4.2 குடுக்கச் சொல்றீங்க. பட்ஜெட் மாறாது சார். அப்ப ரெண்டு பேரை எடுக்க முடியாது. அந்த ரெண்டு பேர்ல அந்தப் பொண்ணும் இருந்திருக்கலாம்.” பெரிய கல்லூரிப் பெயர் இல்லாத படிவங்கள்தான் கடைசியில் கழியும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆறு மாதம் பயிற்சி, அதுவரை கிளையண்டிடம் பில் போட முடியாது, ஒன்றரை வருடத்தில் பாதிப் பேர் வேறு இடம் பார்க்கிறார்கள். இந்தக் கணக்கை நானும் கூட்டங்களில் பேசியிருக்கிறேன்.

அந்தப் பெண் இப்போது பக்கத்து டீமில் இருக்கிறார். நன்றாகச் செய்கிறார். யாருக்கு எவ்வளவு என்பது பயிற்சி முடிவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அவருக்கும் தெரிந்திருக்கும். ஒருநாள் கேண்டீனில் பார்த்தபோது, “அன்னிக்கு நீங்க சொல்லலைன்னா 2.4 னே விட்டிருப்பேன் சார், தேங்க்ஸ்” என்றார். பரவாயில்லம்மா என்று வந்துவிட்டேன். உண்மையில் அவர் 2.4 என்றே விட்டிருந்தாலும் 3.2 க்குக் கீழே ஆஃபர் போயிருக்காது. அதற்கு மேல் வந்த இருபதாயிரம் என் மதிப்பெண்ணுக்காக வந்தது. நான் கொடுத்த குறிப்பால் அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. அவர் நன்றி சொன்னது என்னை உறுத்துகிறது. கோபித்துக்கொண்டிருந்தால் என் தரப்பையாவது சொல்லியிருப்பேன்.

கல்லூரி முடிக்கும் பிள்ளைகள் யாராவது கேட்டால் நான் தயங்காமல் சொல்கிறேன்: அந்தக் கம்பெனியில் இரண்டு வருடத்துக்குள் சேர்ந்த மூன்று பேரிடமாவது பேசுங்கள், சி.டி.சி.யை விட்டுவிட்டுக் கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள், படிவத்தில் தொகை எழுதாமல் விடாதீர்கள். அதே சமயம், 9 லட்சம் எழுதிய ஒரு நல்ல பையனை அந்தத் தொகையைப் பார்த்தே எங்கள் எச்.ஆர். அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிடாததும் எனக்குத் தெரியும். என் அறிவுரை யாருக்காவது வேலையையே கெடுத்திருக்குமோ என்றும் யோசிப்பதுண்டு.

பிரெஷர் படிவத்திலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாம் என்று மேடத்துக்கு மெயில் போட்டேன். எடுத்தால் எட்டு, ஒன்பது லட்சம் எதிர்பார்ப்பவர்களுக்கும் மூன்று ரவுண்டு நடத்தி நேரம் வீணாகும் என்று பதில் வந்தது. நியாயமான பதில். வரம்பை விளம்பரத்திலேயே போட்டுவிட்டால் இரண்டு சிக்கலும் தீரும். எங்கள் கிளையண்ட் ஒருவர் இருக்கும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதல் அது சட்டம், அங்கே வேலை விளம்பரத்தில் சம்பள வரம்பு இருந்தே ஆக வேண்டும். இங்கே வேலைவாய்ப்புத் தளங்களில் ‘வெளியிடப்படவில்லை’ என்று போட்டுவிட்டுப் போகிறோம்.

இதை இரண்டாவது மெயிலாக எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை. என் டீமிலேயே மூன்று வருடத்துக்கு முன்பு 3.2 க்குச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வருடா வருடம் எட்டு சதவீதம் ஏறி இப்போதுதான் நான்கு லட்சத்தைத் தொட்டிருக்கிறார்கள். புதிதாக வருகிறவருக்கு 4.5 வரை கிடைக்கலாம் என்று விளம்பரத்தில் பார்த்தால் முதலில் என்னிடம்தான் வருவார்கள், வரவும் வேண்டும். அவர்கள் சம்பளத்தையும் சேர்த்துச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டிருக்கிறேன். தொகை பெரிதாகத்தான் வருகிறது. அதை மெயிலோடு இணைத்து அனுப்பினால் மொத்தமும் தள்ளிப்போகும், இணைக்காமல் அனுப்பினால் இவர்களை மறைத்த மாதிரி ஆகும். பட்ஜெட் கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.