யார் அது? உள்ளே வாருங்கள்

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலைக் கல்லூரிக் காலத்தில் படித்தபோது எனக்கு அது வெறும் பேய்க்கதை. தொடக்கத்தில் வரும் கடிதங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு, விக்டர் என்ற இளம் விஞ்ஞானி தான் உருவாக்கிய உடலுக்கு உயிர் கொடுக்கும் இடத்துக்கு நேராகப் போய்விட்டேன். மறுபடி கையில் எடுத்தது போன வருடம்தான். வேலை மாறி, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில் தனியாக இருந்த மாதங்கள் அவை. வெள்ளிக்கிழமை இரவு கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை காலைவரை யாரோடும் பேச வேண்டியிருக்காது, அப்புறம் திங்களன்று முதல் வார்த்தையைப் பேசும்போது தொண்டை கரகரத்து, வேறு யாரோ பேசுவதுபோல இருக்கும். அப்படி இருந்தபோது படித்ததாலோ என்னவோ, இந்த முறை பயமே வரவில்லை. அழுகைதான் வந்தது.

அப்படி உயிர் பெற்றவனுக்கு நாவலில் பெயர் கிடையாது. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அவனை உருவாக்கிய விக்டரின் குடும்பப் பெயர். ‘அது’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன். எட்டடி உயரம். கண் திறந்த அன்றைக்கே, உருவாக்கியவன் அவன் முகத்தைப் பார்த்து அருவருத்து ஓடிவிடுகிறான்.

அலைந்து திரிந்து ஒரு குடிசையை ஒட்டியிருக்கும் கொட்டகையில் ஒளிந்துகொள்கிறான். பலகை அடித்து மூடிய ஜன்னலில் ஒரு சிறு இடுக்கு. அதன் வழியே உள்ளே பார்க்கிறான். கண் தெரியாத பெரியவர் டி லேசி, அவர் மகன் ஃபெலிக்ஸ், மகள் அகதா. பெரியவர் ஓர் இசைக்கருவியை வாசிக்கிறார், மகள் விசும்புகிறாள், அவர் அவளைத் தூக்கி நிறுத்திப் பாசத்தோடு சிரிக்கிறார். அவ்வளவுதான். இவனுக்கோ வலியும் சந்தோஷமும் ஒன்றாக வந்து, தாங்க முடியாமல் அந்த இடுக்கிலிருந்து விலகிவிடுகிறான். பசிக்கும் குளிருக்கும்கூட அவன் அப்படித் தவித்ததில்லை.

முதலில் ராத்திரிகளில் அவர்கள் வைத்திருக்கும் உணவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். பிள்ளைகள் தங்களுக்கு இல்லாமல் அப்பாவுக்கு வைப்பதைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு, காட்டில் கிடைக்கும் பழம், கொட்டை, கிழங்கோடு நிறுத்திக்கொள்கிறான். ஃபெலிக்ஸின் கருவிகளை எடுத்துப் போய் இரவோடு இரவாக விறகு வெட்டி வாசலில் குவிக்கிறான். காலையில் கதவைத் திறக்கும் அகதா திகைத்து நிற்கிறாள். ஃபெலிக்ஸ் அன்று காட்டுக்குப் போகவில்லை, வீட்டையும் தோட்டத்தையும் சரிசெய்கிறான். இவன் அதை ஒளிந்திருந்து பார்த்து மகிழ்கிறான். அந்தக் குடும்பத்தில் ஒருவனாகத் தன்னை அவன் நினைத்துக்கொள்வது இந்த விறகை வைத்துத்தான், அவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

பல மாதம் பேச்சைக் கேட்டுக் கேட்டு மொழியைக் கற்றுக்கொண்டபின், மற்றவர்கள் வெளியே போன ஒரு நாளில் கதவைத் தட்டுகிறான். “யார் அது? உள்ளே வாருங்கள்” என்கிறார் பெரியவர். நாவல் முழுக்கத் தேடிப் பாருங்கள், உள்ளே வா என்று அவனை யாராவது அழைப்பது இங்கேதான். பெரியவர் பரிவோடு கேட்கிறார், உன் முகத்தை என்னால் பார்க்க முடியாது, ஆனால் உன் பேச்சில் உண்மை தெரிகிறது என்கிறார். அதற்குள் பிள்ளைகளின் காலடிச் சத்தம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சுகிறான். அகதா மயங்கி விழுகிறாள், ஃபெலிக்ஸ் கம்பால் அடிக்கிறான். அவனைப் பிய்த்துப் போடும் பலம் இருந்தும் இவன் திருப்பி அடிக்கவில்லை. இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அதற்குப் பிறகு அவன் செய்வதை நான் நியாயப்படுத்த மாட்டேன். விக்டரின் தம்பி, அந்தச் சின்னப் பையன் வில்லியமைக் கொல்கிறான், அந்தப் பழியில் ஜஸ்டின் என்ற அப்பாவிப் பெண் தூக்கில் தொங்குகிறாள். ஆனாலும் பனிமலையில் விக்டரிடம் அவன் கேட்பது ஒன்றே ஒன்று: தன்னைப் போலவே ஒரு துணை. கிடைத்தால் மனிதர் கண்ணில் படாமல் தென் அமெரிக்கக் காடுகளுக்குப் போய்விடுகிறேன் என்கிறான். சாத்தானுக்குக்கூடக் கூட்டாளிகள் இருந்தார்கள், எனக்கு யாரும் இல்லை என்று கவிஞர் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தைப் படித்துவிட்டு நொந்துகொள்பவன் அவன். விக்டர் ஒப்புக்கொண்டு, ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவில் பாதி உருவாக்கிய துணையை அவன் கண் முன்னாலேயே கிழித்துப் போடுகிறான். விக்டரின் பயங்களில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் ஊரிலிருந்து அவன் மணக்கவிருந்த எலிசபெத் ‘ஒரு வரி எழுது, ஒரு வார்த்தையாவது எழுது’ என்று கெஞ்சும் அளவுக்குக் கடிதம் எழுதாமல் இருந்தவனும் இவன்தானே! அன்பு வேண்டிய அளவுக்குக் கிடைத்த ஒருவனிடம்தான், அதைக் கண்ணால் மட்டுமே பார்த்த ஒருவன் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

இதை எழுதத் தொடங்கியபோது, 1816இல், மேரிக்குப் பதினெட்டு வயது. பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தவர். 1815இல் தன் முதல் குழந்தையையும் இழந்திருந்தார். 1818இல் நாவல் வந்தபோது அட்டையில் அவர் பெயர்கூட இல்லை.

அன்று நான் தள்ளிவிட்ட கடிதங்களை இந்த முறை நிதானமாகப் படித்தேன். வட துருவம் நோக்கிக் கப்பலில் போகும் வால்டன், தன் அக்கா மார்கரெட்டுக்கு எழுதுகிறான்: எனக்கு ஒரு நண்பன் இல்லை. மகிழ்ந்தால் பகிர ஆளில்லை, சோர்ந்தால் தேற்ற ஆளில்லை. அவளுடைய பதில் ஒன்றுகூட நாவலில் இல்லை.

கடைசியில், அவனைத் துரத்தி வந்து வால்டனின் கப்பலில் இறந்துபோன விக்டரின் சடலத்தின் பக்கத்தில் அவன் குனிந்து அழுதுகொண்டிருக்கும்போது அறைக்குள் நுழைவது இந்த வால்டன்தான். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் தன்னை அறியாமல் கண்ணை மூடிக்கொள்கிறான். மூடிய கண்ணோடு, போகாதே, நில் என்கிறான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பனிமலையிலும், என் முகம்தானே உனக்குப் பிடிக்கவில்லை என்று விக்டரின் கண்களைத் தன் கையால் பொத்திவிட்டு, இப்போதாவது நான் சொல்வதைக் கேள் என்று மன்றாடியிருந்தான். விக்டர் அந்தக் கையை வெறுப்போடு தள்ளிவிட்டான்.

வால்டன் நில் என்றதும் அவன் நிற்கிறான். மனதில் இருந்ததையெல்லாம் பேசுகிறான். பேசி முடித்ததும் ஜன்னல் வழியாகப் பனிக்கட்டி ஒன்றின் மேல் குதிக்கிறான், அலை அவனை இருட்டுக்குள் கொண்டுபோய்விடுகிறது.