பெயின்ட் அடிக்காத புல்லட்: ஒன்றரை வருஷக் கணக்கு

வண்டி 1974 மாடல் புல்லட் 350. சேந்தமங்கலம் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டுத் திண்ணையில், நெல்லு மூட்டைக்குப் பின்னால் ஒன்பது வருஷமாக நின்றது. ஆர்.சி. புத்தகம் கையில் இருந்தது, மூன்றெழுத்துப் பழைய நம்பர், டேங்க், மட்கார்டு எல்லாம் திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் அடித்த அதே கறுப்பு. அங்கங்கே வெளிறிப்போய், முட்டி உரசும் இடத்தில் தகரம் தெரிந்தாலும் டேங்கின் தங்கக் கோடு அப்படியே இருந்தது. அந்தக் கோடு ஆலையில் ஆட்கள் கையால் இழுப்பது. இடப்பக்கக் கோடு வலப்பக்கத்தைவிட ஒரு நூல் தடிமன். அதைப் பார்த்ததும் விலை பேசும் தெம்பே போய்விட்டது எனக்கு.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, பெயின்டர்களுக்கும் இல்லை. வண்டியைப் பார்த்தவர்களெல்லாம் ஒரே பாட்டு. மெக்கானிக் அண்ணன்கூட, "ஏந்தம்பி, எல்லாத்தையும் கழட்டிப் போட்டு புதுசா அடிச்சிரலாமுல்ல? பளபளன்னு இருக்குமே" என்றார். "வேண்டாங்கண்ணா, உள்ள மட்டும் பாருங்க, வெளிய தொடாதீங்க" என்றேன். கிறுக்குப் பிடித்தவன் என்று நினைத்திருப்பார். ரேட்டையும் ஏற்றிச் சொன்னார்.

முதல் வேலை டேங்க். உள்ளே துரு சோறு மாதிரி ஒட்டியிருந்தது. ஆசிட் ஊற்றச் சொன்னார்கள். வழிந்தால் தங்கக் கோடு போய்விடும் என்று பயம். அரைக் கிலோ புளியைக் கரைத்து வடிகட்டி, மூன்று நாள் ஊறவைத்து, பொடி ஜல்லி போட்டுக் குலுக்கினேன். வீட்டில் திட்டு விழுந்தது, புளிக்கும் ஜல்லிச் சத்தத்துக்கும் சேர்த்து. சோடா உப்புத் தண்ணீர் விட்டு அலசி, காயவைத்து, டீசல் ஊற்றி வைத்தேன். நூறு சதவீதம் போகவில்லை. பெட்ரோல் டேப்புக்குக் கீழே ஒரு ஃபில்டர் போட்டுக்கொண்டேன். இது ஒரிஜினல் இல்லைதான், கழற்றினால் தடம் தெரியாது.

அடுத்தது இன்ஜின். இந்த வண்டியில் ஆயில் தொட்டி இன்ஜின் வார்ப்பிலேயே பின்பக்கம் இருக்கிறது. ரொம்ப நாள் நின்றால் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். தெரியாமல் உதைத்தால் சைலன்சரில் கொசு மருந்து வண்டி மாதிரி புகை. நானும் உதைத்தேன், தெருவே எட்டிப் பார்த்தது. ஆயிலை முழுசாக இறக்கிவிட்டு இன்ஜினைப் பிரித்தோம். கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரிந்தது. பெரிய முனையில், கிராங்குக்கும் ராடுக்கும் நடுவே சுழலும் வளையமான மிதக்கும் புஷ் தேய்ந்திருந்தது. போரும், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையும், ஓவல் ஆகியிருந்தது. 70 மில்லி போர், 90 மில்லி ஸ்ட்ரோக், 346 சிசி. அரை மில்லி பெரிய பிஸ்டன் வாங்கி லேத் பட்டறைக்குக் கொடுத்தோம்.

இங்கேதான் மாட்டினேன். ரன்னிங் இன்னில், அதாவது புது பிஸ்டன் படியும்வரை, ஐம்பதைத் தாண்டாமல்தான் ஓட்டினேன். நாற்பது கிலோமீட்டர் போனதும் இன்ஜின் கழுத்தைப் பிடித்த மாதிரி இறுகியது. கிளட்சைப் பிடித்து ஓரங்கட்டினேன். சூடான இரும்பு வாசனை. அந்தப் பட்டறையில் இடைவெளியைக் குறைவாக வைத்துப் போர் பிடித்திருக்கிறார்கள். அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரியுமே, இரும்பு சிலிண்டர் அவ்வளவு விரியாதே என்று கேட்டால், "ஓட ஓட சரியாயிரும்" என்று பதில். ஓடவில்லையே ஐயா! வேறொருவரிடம் சிலிண்டரின் உள்சுவரைத் தேய்த்து ஹோன் செய்து, பிஸ்டனில் உரசின இடங்களை மெல்லத் தேய்த்து மறுபடி போட்டோம். இந்த முறை நானே பக்கத்தில் உட்கார்ந்து இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நியூட்ரல் லீவரை யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள். கியர் லீவருக்குப் பக்கத்தில் குதிகாலால் அழுத்தும் குட்டி லீவர், எந்த கியரிலிருந்தும் (முதல் கியர் தவிர) நேராக நியூட்ரலுக்குக் கொண்டுவிடும். இது இல்லாமல் சிக்னலில் நிற்பது நரகம். சென்னைக்குப் போன சாக்கில் புதுப்பேட்டையில் மூன்று கடை ஏறி இறங்கி, துருப்பிடித்த பழசு ஒன்றைப் பிடித்தேன். கடைக்காரர் புதுசு காட்டினார், பாதி விலைதான். பழசுக்கே பேரம் பேசினேன் என்பதை அவர் நம்பவே இல்லை.

மின்சாரம் 6 வோல்ட். ஹெட்லைட் எரிகிறதா என்று கையை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எல்லாரும் 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்கிறார்கள். அது நியாயமும்கூட. இரவில் ஓட்டுவதாக இருந்தால் நானே மாற்றியிருப்பேன். நான் எடுத்த முடிவு, ஆறு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை. கார்புரேட்டர் மட்டும் முன்னாடி ஓட்டினவர் போட்ட மிக்கார்ப் என்ற வேறு பிராண்ட். அதை மாற்றவில்லை, அதுவும் இந்த வண்டியின் வரலாறுதானே. இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய் ஊறிப்போய் நொந்துவிடுகிறது. குழாயையும் டேப் வாஷரையும் மாற்றி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கியதும் இழுவையில் வந்த வெடிப்புச் சத்தம் நின்றது.

ஸ்டார்ட் பண்ணுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பலத்தைக் காட்டினால் கிக்கர் திருப்பி அடித்து முழங்காலைப் பதம் பார்க்கும். சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே ஆம்ப் மீட்டரைப் பார்க்க வேண்டும். பாயின்ட், அதாவது ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் தொடுப்பு, மூடியிருக்கும்போது முள் ஒருபக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். அந்த இடத்தில் சிலிண்டரில் அடைபட்ட காற்றை வெளியே விடும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து ஒரு துளி கீழே தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. என் எடை அறுபத்திரண்டு கிலோதான், ரெண்டாவது உதையில் எழுந்துவிடுகிறது.

முதல் பெரிய ஓட்டம் கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஏறுவது சுகம். ரெண்டாவது கியரில் 'டப் டப்' என்று மாட்டு வண்டி மாதிரி தன் பாட்டுக்கு ஏறியது. பிரச்சினை இறங்கும்போதுதான். இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. தினமும் ஓட்டுவது புது பைக் என்பதால், திடீரென்று ஒரு பேருந்து வளைவில் வந்ததும் என் வலது கால் பிரேக் என்று நினைத்து அழுத்தியது. அழுத்தினால் கியர் ஏறும். வண்டி நிற்பதற்குப் பதில் இளகி ஓடியது. முன் பிரேக்கைப் பிடித்து, சுவரோரம் சாய்ந்து, எப்படியோ நின்றேன். பேருந்து ஓட்டுநர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது, சொன்னதில் தப்பும் இல்லை. அதற்குப் பிறகு வளைவுக்கு முன்னாலேயே ரெண்டாவது கியருக்கு வந்துவிடுவது, இடது காலை பிரேக் மேலேயே வைத்திருப்பது என்று பழகிக்கொண்டேன். டிரம் சூடேறிப் பிடிமானம் குறைவது பாதி வளைவிலேயே தெரிந்தது. ரெண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிட்டேன். அடிவாரத்துக்கு வந்ததும் லைனிங் ஒட்டிக் கொடுக்கிற கடைக்குத்தான் முதலில் போனேன்.

இதற்கிடையில் ஒரு நண்பர், "ஐம்பது வருஷம் தாண்டிருச்சு, விண்டேஜ்னு பதிஞ்சிரு" என்றார். 2021-ல் வந்த விதிப்படி 50 வயதைத் தாண்டி, பெரிய மாற்றமில்லாமல் இருக்கிற வண்டிகளுக்கு அந்த வகை உண்டு. ஆசையாகத்தான் இருந்தது. படித்துப் பார்த்தால் கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இப்படிச் சிலவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். அப்புறம் தனுஷ்கோடிக்கு எப்படிப் போவது? சாதாரண வண்டியாகவே ஆர்.சி.யைப் புதுப்பித்துவிட்டேன்.

தனுஷ்கோடி போனது போன தை மாதம். கரூர், திண்டுக்கல், மதுரையில் ஒரு ராத்திரி, அங்கிருந்து விடிகாலை. அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் கைப்பிடி அதிர்ந்து விரல் மரத்துவிடும். ஐம்பத்தைந்தில் வைத்தால் நாள் முழுக்க ஓட்டலாம். பரமக்குடி தாண்டி திடீரென்று திக்கித் திணறி நின்றது. சுற்றிலும் சீமைக்கருவேலம், உட்கார நிழலில்லை. பாயின்ட் மூடியைத் திறந்தால் இடைவெளி கிட்டத்தட்ட மூடியிருந்தது. கேமில் உரசும் நார்க்கட்டை தேய்ந்துவிட்டது, கிரீஸ் வைக்க மறந்த என் புண்ணியம். இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லி வேண்டும், ஃபீலர் கேஜோ வீட்டில். பர்ஸில் ஒரு நகைக்கடை விசிட்டிங் கார்டு இருந்தது. கார்டின் தடிமனும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதை நுழைத்து ஸ்குரூவை இறுக்கி, ஒரு துளி ஆயிலைக் கேமில் தடவி உதைத்தேன். முதல் உதை! கார்டை இன்னும் டூல் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

பாம்பன் சாலைப் பாலத்தில் நிறுத்திக் கடல் பார்த்தேன். அது திறந்தது 1988-ல். வண்டிக்கு அப்போது பதினாலு வயது. அதற்கு முன்னால் இந்த வண்டி தன் காலில் ராமேஸ்வரம் போயிருக்கவே முடியாது. அரிச்சல்முனையில் உப்புக் காற்று குரோமைத் தின்றுவிடுமே என்ற பயத்தில் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. ராமேஸ்வரம் வந்ததும் லாட்ஜ்காரரிடம் கெஞ்சி ரெண்டு வாளி நல்ல தண்ணீர் வாங்கி அடி முதல் நுனி வரை கழுவினேன்.

இப்போதைய நிலவரம்: ஹோன் செய்து மறுபடி போட்ட பிறகு 2,300 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. லிட்டருக்கு 32 கொடுக்கிறது. இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயினை மூடும் பிரைமரி செயின் கேஸில் ஆயில் சொட்டுவது நிற்கவில்லை, ரப்பர் சீல் ரெண்டு தடவை மாற்றியாகிவிட்டது. அடியில் ஒரு அட்டைப் பெட்டியை வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் மூடியின் விளிம்பைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்க்கப் போகிறோம், கோணியிருக்கும் என்று மெக்கானிக் அண்ணன் சந்தேகப்படுகிறார். போன வாரம் வண்டியை விட்டபோது அவரே ஒரு துணியெடுத்து, தங்கக் கோட்டைத் தொடாமல் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.