நூல் வருதா, வழுக்குதா?

எங்கள் கண் ஆபரேஷன் தியேட்டரில் பனிக்குடச் சவ்வு (வயிற்றில் குழந்தையைச் சுற்றியிருக்கும் பையின் மெல்லிய தோல்) தேவைப்படும் நாட்களில் என் முதல் வேலை அதன் உள்புறம், வெளிப்புறம் பார்ப்பது. மைனஸ் 80 டிகிரி பெட்டியிலிருந்து எடுத்து உருக வைத்தால், ஒரு தாளில் ஒட்டியபடி ஈர வெங்காயத் தோல் மாதிரி கிடக்கும். முக்கோண ஸ்பாஞ்சின் நுனியால் தொட்டு மெல்ல இழுப்பேன். நூல் நூலாக எழும்பி வந்தால் அது ஸ்ட்ரோமா, அதாவது வெளிப்பக்கம். வழுக்கினால் எபிதீலியம், அதாவது வயிற்றுக்குள் குழந்தையைப் பார்த்திருந்த பக்கம்.

“சிஸ்டர், பார்த்தாச்சா?” என்று டாக்டர் கேட்காத நாள் இல்லை. எனக்கு அது வெறும் சடங்காகத்தான் பட்டது.

போன மாதம் ஒரு பையன் வந்தான். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கி விளையாடியிருக்கிறான், கண்ணில் தெறித்துவிட்டது. வீட்டில் தாய்ப்பால் விட்டுக் கூட்டி வந்தார்கள். (தயவுசெய்து நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உடனே.) கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, அதனால்தான் அது கண்ணாடி போல இருக்கிறது. சுண்ணாம்பு அதன் ஓரத்தைச் சுட்டுவிட்டால் குழாய்களைத் தடுக்கும் வேலி போய்விடும். சிவப்பு நூல்களாகக் குழாய்கள் உள்ளே ஏறிவரும், பார்வை மங்கும். அதைத் தடுக்கத்தான் சவ்வு. அதற்கும் சொந்தமாக ரத்தக் குழாய் இல்லை. திராம்போஸ்பான்டின்-1 மாதிரிக் குழாய் வளர்ச்சியை அடக்கும் புரதங்கள் அதில் இருப்பதை 2000-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அழற்சியையும் தணிக்கும்.

இதை ஊருக்குப் போனபோது தங்கையிடம் சொன்னேன். அவளுக்கு சர்க்கரை நோயாளிகளின் கால் புண் வார்டு. “என்னக்கா சொல்ற? புது ரத்தக் குழாய் வரணும்னுதான் நாங்க அதே சவ்வ வைக்கிறோம்!” அம்மா நடுவில் புகுந்து, “நஞ்சோட வர்றதுதானே அது? மண்ணுல பொதைக்கிறதப் போயி கண்ணுல வைக்கிறீங்களா?” என்றாள். நஞ்சு என்ற பேரே அதற்கு ஓர் அநியாயம்.

இரவு உட்கார்ந்து தேடினேன். நான் சொன்னதும் சரி, தங்கை சொன்னதும் சரி. வி.இ.ஜி.எஃப். மாதிரி குழாயை வளர்க்கும் காரணிகளும் அதே சவ்வில் உண்டு. டெஹ்ரான் ஆய்வாளர்கள் 2013-ல் எலியின் முதுகுத் தோலில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்: எபிதீலியம் பக்கம் குழாய் வளர்ச்சியை அடக்கியது, ஸ்ட்ரோமா பக்கம் தூண்டியது. எலி முதுகு வேறு, பையன் கண் வேறு என்பது தெரியும். எங்கள் சவ்வில் உள்ள செல்கள் உறைந்து செத்தவை, அதுவும் ஒரு வித்தியாசம். ஆனாலும் அந்த ஸ்பாஞ்சை இப்போது வேறு மாதிரிப் பிடிக்கிறேன்.

தங்கைக்கு போன் பண்ணி, “நீங்க எந்தப் பக்கம் கீழ வைக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“பாக்கெட்ல எப்படி இருக்கோ அப்படியேக்கா. ஏன்?”