ஒரு சிந்தசைசர், ஒரு கடல், ஒரு நாதஸ்வரம்

சிந்தசைசர், அதாவது மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கருவி, பழக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்: ப்ரீசெட் பட்டியலைத் திறக்காதீர்கள். அதில் யாரோ செய்து வைத்த நல்ல நல்ல ஒலிகள் இருக்கும், மயங்கி உட்கார்ந்துவிடுவோம். அதற்குப் பதில் உங்கள் ஊரில் உங்கள் காதுக்குப் பழக்கமான ஒரு சத்தத்தை எடுத்துக்கொண்டு, அதை அடியிலிருந்து கட்டிப் பாருங்கள். கடலூர்க்காரனான எனக்கு அது தேவனாம்பட்டினம் கடல். அப்புறம் சித்தப்பாவின் நாதஸ்வரம்.

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் கூட்டம் குறைந்துவிடும். கடை கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்தால் போதும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், காசும் வேண்டாம். இசை மென்பொருள் செய்யும் எபிள்டன் நிறுவனத்தின் 'லேர்னிங் சிந்த்ஸ்' பக்கத்தில்தான் நான் ஆரம்பித்தேன். அடிப்படையை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் புரிந்துகொள்ள அது ரொம்ப நல்லது. பிரவுசரில் ஓடும் வேறு இலவச சிந்தசைசர்களும் நிறைய உண்டு. பலவற்றில் கம்ப்யூட்டர் விசைப்பலகையின் எழுத்துகளே ஸ்வரக் கட்டைகளாக வேலை செய்யும். 1970-இல் வந்த மினிமூக் கருவியில் இருந்த அதே அமைப்புதான் இன்றைக்கும் திரையில் தெரிகிறது: அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர், அதை வடிகட்டும் ஃபில்டர், ஒலி எழும்பி அடங்கும் விதத்தைத் தீர்மானிக்கும் என்வலப். ஒன்றைப் படித்தால் மற்றதெல்லாம் கைக்கு வந்துவிடும். ஒரு நல்ல ஹெட்போன் மட்டும் கட்டாயம் வேண்டும், கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் கீழ் ஒலிகள் கேட்கவே கேட்காது.

முதலில் அலைவடிவங்கள். சைன் அலையில் ஒரே ஒரு அதிர்வெண்தான். ரம்பப் பல் வடிவ ஸாடூத்தில் 220 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 220 அதிர்வு) வாசித்தால் கூடவே 440, 660, 880 என்று எல்லா மடங்குகளும் வரும். பாதி, மூன்றில் ஒன்று, கால் என்று பலம் மட்டும் குறைந்துகொண்டே போகும். சதுர வடிவ ஸ்கொயர் அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டும். இதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. ஒரே ஸ்வரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸாடூத், ஸ்கொயர் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். ஸ்கொயரில் இருக்கிற அந்தக் குடைவான தன்மை ஒருமுறை பிடிபட்டால் அப்புறம் மறக்காது. ஃபில்டரும் அப்படித்தான். லோபாஸ் ஃபில்டர் கீழ் ஒலிகளை விட்டு மேல் ஒலிகளைத் தடுக்கும்; தடுக்கத் தொடங்கும் இடமான கட்ஆஃபை மெல்ல இறக்கினால், பக்கத்து வீட்டு ரேடியோ சுவருக்கு அந்தப் பக்கம் பாடுவது போல ஒலி மங்கும்.

இப்போது கடலுக்கு வருகிறேன். கடலுக்கு ஆசிலேட்டரே வேண்டாம், எல்லா அதிர்வெண்களும் கலந்த வெள்ளை இரைச்சல் போதும். அதை லோபாஸ் ஃபில்டரில் விட்டு கட்ஆஃபை 500 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்தால் தூரத்துக் கடல் வந்துவிடும். ஆனால் அது அசையாது. கட்ஆஃபை அசைக்க எல்எஃப்ஓ, அதாவது எதையும் மெதுவாக ஏற்றி இறக்கும் அலை, வேண்டும். 0.1 ஹெர்ட்ஸ் கொடுத்தால் பத்து விநாடிக்கு ஒரு அலை. சைன் வடிவ எல்எஃப்ஓ ஏறுவதும் இறங்குவதும் ஒரே அளவாக இருக்கும், அதனால் யாரோ தூங்கி மூச்சுவிடுகிற சத்தம்தான் கிடைக்கும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் போய் நின்று கேளுங்கள். அலை வேகமாக எழும்பி உடையும்; வடிவதற்குத்தான் நேரம் எடுக்கும். எல்எஃப்ஓவின் வடிவத்தைச் சட்டென்று ஏறி மெதுவாக இறங்குகிற மாதிரி மாற்றியதுமே ஒலி கடலாகிவிட்டது.

இன்னும் ஒன்று பாக்கி. உண்மையான அலை எதுவும் முந்தையதைப் போல இருக்காது. ஒலியளவுக்கு 0.07 ஹெர்ட்ஸில் இன்னொரு எல்எஃப்ஓ போட்டேன். ஒன்று பத்து விநாடி, மற்றது பதினான்கு விநாடிக்குக் கொஞ்சம் மேல். இரண்டும் தொடங்கிய இடத்தில் மறுபடி ஒன்றுசேர நூறு விநாடி ஆகும். அதற்குள் ஒவ்வொரு அலையும் ஒவ்வொரு உயரத்தில் வந்து போகும். கடைசியாக, தண்ணீர் மணலுக்குள் இறங்கும்போது வருகிற அந்த மெல்லிய 'ஸ்ஸ்'. அதற்குத் தனியாக ஒரு இரைச்சலை மேல் ஒலிகளை மட்டும் விடுகிற 3000 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் ஃபில்டரில் விட்டு, அலை உடைந்து கொஞ்ச நேரம் கழித்து வருமாறு ரொம்பச் சின்னதாக வைத்தேன். கடலை நினைத்தால் எல்லோருக்கும் பெரிய சத்தம்தான் நினைவுக்கு வருகிறது. என் காதில் கடலைக் கடலாக்குவது இந்தச் சின்னச் சத்தம்தான்.

நாதஸ்வரம் வேறு சங்கதி. அதன் குழல் மேலே குறுகிக் கீழே அணசு என்கிற விரிந்த முனையை நோக்கி அகன்றுகொண்டே போகிற கூம்பு. கூம்புக் குழலில் ஒற்றைப்படை, இரட்டைப்படை எல்லா மடங்குகளும் ஒலிக்கும். ஆகவே ஸாடூத். ஃபில்டரை 1200 ஹெர்ட்ஸ் அருகே வைத்து கட்ஆஃப் பக்கத்து ஒலியைத் தூக்கிக் காட்டும் ரெசனன்ஸைக் கொஞ்சம் ஏற்றினேன். என்வலப்பில் அட்டாக் (ஒலி எழும்பும் நேரம்) 40 மில்லிவிநாடி, சஸ்டெயின் (நிலைத்து நிற்கும் அளவு) முழுசாக, ரிலீஸ் (விட்டபின் அடங்கும் நேரம்) குறுகலாக. மூச்சு நின்றால் நாதமும் நின்றுவிட வேண்டுமே.

தவளக்குப்பத்தில் இருக்கிற சித்தப்பா கல்யாணக் கச்சேரிகளுக்கு ஊதியவர். கடைக்கு வந்தபோது ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"சத்தம் வருது, காத்து வரலையேடா. சீவாளிய உதட்டுல வச்சு ஒருத்தன் ஊதணும் இல்ல?"

சீவாளி என்பது நாதஸ்வரத்தை ஊதும் முனை. அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வேண்டிய பாடம் மொத்தமும் இருந்தது. ஒரு வாத்தியத்தை நாம் அடையாளம் காண அதன் ஒலி தொடங்குகிற அந்த முதல் கணம் ரொம்ப உதவுகிறது. இரைச்சலுக்குத் தனி என்வலப் கொடுத்தேன்: உடனே எழும்பி 60 மில்லிவிநாடிக்குள் அடங்கிவிடும். சுருதிக்கும் ஒரு என்வலப்: ஸ்வரத்துக்கு ஒரு நூல் கீழே தொடங்கி, ஏறி வந்து நிற்கும். 5 ஹெர்ட்ஸ் அசைவை ஸ்வரம் நிலைத்த பிறகு மட்டும் வரச்செய்தேன்.

"இப்ப ஊதறான். கமகம் எங்கடா?" ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதைத்தான் கேட்டார்.

"அதுக்குத்தான் சித்தப்பா வழி தேடுறேன். க்ளைட் போட்டா ஒரு ஸ்வரத்துலேருந்து அடுத்ததுக்கு நேரா இழுத்துட்டுப் போயிடுது. நீங்க தோடி ராகத்துல காந்தாரத்தை அசைக்கிற மாதிரி அசையாது."

"அசைவுன்னா ஒரே வேகத்துல ஆடறது இல்ல. மேல போகும்போது ஒரு மாதிரி, வரும்போது ஒரு மாதிரி" என்று விரலைக் காற்றில் அசைத்துக் காட்டினார். ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கிற பிட்ச் பெண்ட் சக்கரத்தின் எல்லை வழக்கமாக இரண்டு செமிடோன்தான் (பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளின் இரண்டு இடைவெளி) இருக்கும், காந்தாரத்துக்கு அது போதும். மௌஸைப் பிடித்து அவர் விரலைப் பார்த்துப் பார்த்து இழுத்தேன். எல்எஃப்ஓ கொடுக்காததை அந்தக் கை அசைவு கொடுத்தது. இப்போது தினமும் அதைத்தான் பழகுகிறேன். வலது கையில் மௌஸ், இடது கையில் ஸ்வரம்.

அடுத்து திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் மணி. மணியின் மேல் ஒலிகள் அடி ஒலியின் முழு மடங்குகள் அல்ல, அதனால் ஸாடூத்தையும் ஸ்கொயரையும் ஃபில்டரில் எத்தனை வடிகட்டினாலும் மணி வராது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்து, 1983-இல் யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் மூலம் உலகமெல்லாம் பரவிய எஃப்எம் முறைதான் இதற்குச் சரி. ஒரு சைன் அலை இன்னொன்றின் அதிர்வெண்ணை ஆட்டும். இரண்டுக்கும் 1:1.4 விகிதம் வைத்திருக்கிறேன். அசைக்கிற அலை சீக்கிரம் தேய வேண்டும், அசைகிற அலை நின்று நிதானமாகத் தேய வேண்டும். அப்போதுதான் முதலில் உலோகம் அடிபட்டு, பின்னால் ரீங்காரம் மட்டும் நிற்கும். தேயும் நேரமான டிகேயை எட்டு விநாடி வரை நீட்டிவிட்டேன், இன்னும் கொஞ்சம் நீட்டலாம் என்று தோன்றுகிறது. இந்த வாரம் திருப்பாதிரிப்புலியூர் போனால் பூஜை நேரத்தில் நின்று இன்னொருமுறை கேட்டுவிட்டு வர வேண்டும்.