கொலஸ்ட்ரால் மாத்திரையும் மாமாவின் வால்வும்

ஜூன் 6, கொழிஞ்சாம்பாறை

பாலக்காட்டுப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது என்கிறார்கள். இங்கே கணவாய்க் காற்று மட்டும்தான், என் மருந்துக்கடை ஷட்டரை நாள் முழுக்க ஆட்டிக்கொண்டிருந்தது. வியாபாரம் மந்தம்.

மதியம் வேலந்தாவளத்திலிருந்து மாமா வந்தார். கோயம்புத்தூரில் எடுத்த எக்கோ ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்தார். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலான அயோர்டிக் வால்வின் இதழ்களில் கால்சியம் படிந்திருக்கிறது, மிதமான சுருக்கம். வால்வைத் தாண்டி ரத்தம் பாய்கிற வேகம் நொடிக்கு 3.4 மீட்டர். போன வருட ரிப்போர்ட்டில் 3.1. நாலைத் தொட்டால் கடுமையான சுருக்கம் என்று கணக்கு.

"ஏங்கண்ணு, இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையில எனக்கு 20 எழுதியிருக்குது. 80 வரைக்கும் இருக்குதாமா? அதைக் குடு, சீக்கிரம் கரையட்டும்."

எங்கள் ஊர் போர் தண்ணீரில் வெந்நீர்ப் பானை அடியில் வெள்ளையாக உப்பு கட்டும். ஆசிட் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போய்விடும். வால்வில் இருப்பதும் அதுதான், மாத்திரைதான் ஆசிட் என்பது மாமாவின் தீர்மானம். டாக்டர் சீட்டு இல்லாமல் அளவைக் கூட்டித் தரமுடியாது என்றேன். முகம் சுண்டிப்போய் 20-ஐயே வாங்கிக்கொண்டு கிளம்பினார். டீ வேண்டாம் என்றுவிட்டார். அதுதான் அவர் கோபத்தின் அளவு.

ஜூன் 8

மாமாவின் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. இருபத்தைந்து வருடம் முன்னால் இதய மருத்துவர்களே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முன்பெல்லாம் வயதானால் வால்வு தேயும், காரை பிடிக்கும், அவ்வளவுதான் என்ற எண்ணம். எடுத்துப்போட்ட வால்வுகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. இதழுக்குள் எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ரால், அழற்சிச் செல்கள், அப்புறம் கால்சியம். ரத்தக்குழாய் அடைப்பில் இருக்கும் அதே சரக்கு. கொழுப்பு ஊட்டி வளர்த்த முயல்களின் வால்வு கெட்டது. ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்தபோது சேதம் குறைந்தது. பழைய நோயாளிக் கோப்புகளைப் புரட்டினால், ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்குச் சுருக்கம் மெதுவாக ஏறியிருந்தது. காரணமும் பொருந்துகிறது, முயலும் ஆமாம் என்கிறது, கோப்பும் ஆமாம் என்கிறது. யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள்.

கோப்பை நான் அவ்வளவு நம்பமாட்டேன். என் கடையில் மாதம் தவறாமல் கொலஸ்ட்ரால் மாத்திரை வாங்குகிறவர் யார் என்று எனக்குத் தெரியும். அவரேதான் காலையில் நடக்கப் போவார், சர்க்கரையை நேரத்துக்குப் பார்ப்பார், பீடியை விட்டிருப்பார். நல்ல பெயரை மாத்திரை தட்டிக்கொண்டு போகும்.

ஜூன் 9

மாமா கேட்ட அதே 80 மி.கி.யை நிஜமாகவே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், ஸ்காட்லாந்தில். சால்டயர் என்று பெயர், 2005-இல் வெளியானது. 155 பேர். யாருக்கு அட்டோர்வாஸ்டாட்டின், யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மாத்திரைக்காரர்களின் எல்.டி.எல். 63-க்கு இறங்கியது, மற்றவர்களுக்கு 130. பாதிக்கும் கீழே. அப்படியானால் வால்வு?

ரத்த வேகம் வருடத்துக்கு 0.199 மீட்டர் ஏறியது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு. வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 0.203. சி.டி. ஸ்கேனில் கால்சியமும் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில்தான் வளர்ந்திருந்தது. கொலஸ்ட்ரால் கீழே விழுந்தது, வால்வு பாட்டுக்குத் தன் வழியே போனது.

2007-இல் போர்ச்சுகலில் இருந்து ரோசுவாஸ்டாட்டின் பலன் தருகிறது என்று ஒரு ஆய்வு வந்தது. ஆனால் அதில் குலுக்கல் கிடையாது. கொலஸ்ட்ரால் கூடியவர்களுக்கு மாத்திரை கொடுத்து, இல்லாதவர்களைச் சும்மா விட்டு, இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டார்கள். ஆரம்பத்திலேயே வேறு வேறான ஆட்களை எப்படி ஒப்பிடுவது?

ஜூன் 13

பெரிய ஆய்வு 2008-இல் வந்த சீஸ். 1,873 பேர், நாலு வருடத்துக்கும் மேல். சிம்வாஸ்டாட்டின் 40, கூடவே எசெட்டிமைப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரை 10. வால்வு மாற்றும் நிலைக்குப் போனவர்கள் மருந்துப் பக்கம் 28.3 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 29.9. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரத்தக்குழாய் அடைப்பால் வரும் தொல்லைகள் 20.1-லிருந்து 15.7-க்குக் குறைந்தன. மாமாவுக்கு நான் சொல்லவேண்டியது இந்தக் கடைசி வரிதான்.

அந்த ஆய்வில் ஒரு கலவரமும் நடந்தது. மருந்துப் பக்கம் புற்றுநோய் வந்தவர்கள் 105, மறுபக்கம் 70. உலகம் முழுக்கப் பதறினார்கள். அதே மருந்துகள் தரப்பட்ட இன்னும் பெரிய ஆய்வுகளில் அப்படி எதுவும் தென்படவில்லை, தற்செயல் என்று முடிவானது. பதற்றச் செய்தி பரவுகிற வேகத்தில் அதன் மறுப்பு என்றைக்குப் பரவியிருக்கிறது?

2010-இல் கனடாவிலும் 269 பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் 40 கொடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் அதே பதில்.

ஜூன் 15

வண்ணாமடையிலிருந்து வழக்கமாக வரும் அக்கா பென்சிலின் ஊசி வாங்கிப் போனார். மூன்று வாரத்துக்கு ஒன்று. சின்ன வயதில் தொண்டைப்புண்ணில் தொடங்கிய ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் இன்னொரு வால்வான மைட்ரல் வால்வை அவருக்குக் கெடுத்துவிட்டது. மாமாவுக்கு வந்திருப்பது வேறு நோய், வயதோடு வரும் கால்சியம். இரண்டையும் ஊரில் 'வால்வு கோளாறு' என்றே சொல்கிறார்கள், ஒருவர் மருந்தை இன்னொருவர் விசாரிக்கிறார்.

ஜூன் 19

வால்வு விஷயத்தில் ஸ்டாட்டின் ஏன் தோற்றது என்று இரண்டு ராத்திரி படித்துக்கொண்டிருந்தேன். கொழுப்பு தொடங்கி வைக்கலாம். ஆனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு வால்வின் செல்களே எலும்பு கட்டும் செல்களைப் போல மாறிவிடுகின்றன. அங்கிருந்து கால்சியமே மேலும் கால்சியத்தை இழுக்கிறது. அந்த நிலையில் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைத்து என்ன பயன்? எக்கோவில் சுருக்கம் தெரிகிற நேரத்தில் பெரும்பாலும் அந்தக் கட்டம் வந்திருக்கும்.

சரி, எலும்பு மருந்தாவது கேட்குமா என்று அதையும் பார்த்துவிட்டார்கள். டெனோசுமாப், அலெண்ட்ரோனேட் இரண்டையும் வைத்து நடந்த சால்டயர் 2-இன் முடிவு 2021-இல் வந்தது. அதுவும் பலிக்கவில்லை.

இப்போது எல்லோர் கண்ணும் லிப்போபுரோட்டீன் லிட்டில் ஏ மேல், எல்.டி.எல். போலவே ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒரு துகள். பிறவியிலேயே சிலருக்கு இது அதிகம். 2013-இல் மரபணு ஆய்வு ஒன்று இதற்கும் வால்வில் கால்சியம் படிவதற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஸ்டாட்டின் இதைக் குறைப்பதில்லை. மாமாவிடம் இதையெல்லாம் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதற்கு ஒரு மாத்திரை கேட்பார்.

ஜூன் 24

மாமாவோடு கோயம்புத்தூர். டாக்டர் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சில் வலியா, தலை சுற்றி விழுந்ததுண்டா என்று மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார் மாமா. அத்தை மட்டும், "பாத்தி கட்டும்போது இப்பெல்லாம் நடுவுல உக்காந்துக்கறாரு" என்றார். அதையும் டாக்டர் எழுதிக்கொண்டார்.

80 பற்றி மாமாவே கேட்டார். "வால்வுக்கு 20-உம் ஒண்ணுதான், 80-உம் ஒண்ணுதான், ஒண்ணுமே இல்லாததும் ஒண்ணுதான். உங்களுக்குச் சர்க்கரை இருக்கு, ரத்தக்குழாய் அடைக்கக் கூடாதுன்னுதான் 20 எழுதியிருக்கேன். அதை நிறுத்தாதீங்க" என்றார். நான் இரண்டு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்த பேச்சு மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

"அப்ப வால்வுக்கு மருந்தே இல்லீங்களா?"

"கடுமையாச்சுன்னா மாத்தணும். மருந்து இல்லை."

மாற்றுவதில் வழிகள் உண்டு. நெஞ்சைத் திறந்து வைக்கும் உலோக வால்வு ஒன்று. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவில் உருவான சித்ரா வால்வு 1990 முதல் பொருத்தப்படுகிறது. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும். மாட்டுத் திசுவில் செய்த வால்வுக்குப் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. தொடை நாளம் வழியாகவே வால்வைக் கொண்டுபோய் வைக்கும் முறை 2002-இல் பிரான்ஸில் தொடங்கியது, செலவு கூடுதல். மாமா காதில் விழுந்தது தொடை வழி மட்டும்தான்.

ஜூன் 27

மாமா போன் செய்தார். கார்த்திகையில் மாலை போட்டு மலை ஏறலாமா என்பதுதான் இப்போது பிரச்சினை. பம்பையிலிருந்து நீலிமலை ஏற்றம் எப்படிப்பட்டது என்று ஏறியவர்களுக்குத் தெரியும். வழியில் ஆக்சிஜன் பார்லர் வைத்திருப்பது சும்மா இல்லை. ஐப்பசியில் இன்னொரு எக்கோ, டாக்டர் சரி என்றால் டிரெட்மில் டெஸ்ட், அதற்கப்புறம் மலையைப் பற்றிப் பேசலாம் என்றேன்.

"மாத்திரை ஒழுங்கா சாப்புட்டா விடுவாரல்ல?"

"மாத்திரைக்கும் மலைக்கும் சம்பந்தமில்லீங்க மாமா."

"சரி, 20-ஏ ரெண்டு அட்டை எடுத்து வை. ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று வைத்துவிட்டார்.